நான்கை இரண்டாக்கிய கதை



1939 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19 ஆந் திகதி. இரண்டாம் உலகப் போர் மூண்டு பதினொரு வாரங்களே கழிந்திருந்தன. ஜேர்மனியிலே பெரியதொரு குண்டுவீச்சு விமானம் முதன்முறையாக வானில் எழுந்தது. அதனைச் செலுத்தியவர் கார்ல் பிராங்கே என்பவர். ரெக்லின் என்னுமிடத்திலிருந்த விமானப் பரீட்சை நிலையத்தின் அனுபவம் மிக்க விமானி. இடையில் இறங்காது ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறப்பதற்கென்றே ஆக்கப்பட்ட அவ்விமானம் அன்று ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடங்களே வானில் இருந்தது. எஞ்சின்கள் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுவதைக் கண்ட பிராங்கே, பறப்பை முடித்துக்கொண்டு தரையிறங்கிவிட்டார்.

அந்த விமானத்தின் பெயர் ஹைன்கல் 177. முதல் நாளிற் கண்ட அந்தச் சூடு ஐந்து ஆண்டுகள் அதனை விட்டு நீங்கவில்லை. ஓட்டிச் சென்ற வீரர்களே அதற்கு ‘அரசாங்கத்தின் தீக்கொளுத்தி’ எனப் பட்டப்பெயர் சூட்டினார்கள். திறமைமிக்க பொறியியலாளர் ஆக்கிய ஒரு பொறி இப்படிப் பெயரெடுக்க நேர்ந்தது எங்ஙனம்? பிழை எங்கே புகுந்தது? அதை அறிந்தவர் இருந்தும் திருத்த முடியாமற் போனது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

கதையின் தொடக்கத்தைக் காண நாம் இன்னும் மூன்று ஆண்டுகள் பின்னே செல்லவேண்டும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் புதிதாக அமைக்கப்பெற்ற ஜேர்மன் விமானப் படைக்கு வால்ரர் வேவர் என்னும் தளபதி பிரதம அதிகாரியாக இருந்தார். தூரதேசங்களிலுள்ள தொழிற்சாலைகளையும் தாக்கவல்ல பெரிய விமானங்கள் வேண்டுமென்பது அவருடைய கருத்து. அக்கருத்தின்படி டோர்னியர், யுங்கர்ஸ் ஆகிய இரு நிறுவனங்கள் நான்கு எஞ்சின் கொண்ட மாதிரி விமானங்களை ஆக்கத் தொடங்கின. சோவியத் நாட்டின் உட்பகுதியிலுள்ள ஊரல் மலைத்தொடர்வரை செல்லவல்லவை எனக் கருதப்பட்டமையால், அவற்றை ‘ஊரல் விமானங்கள்’ என அழைத்தனர். எனினும், அக்காலத்து எஞ்சின்களின் வலு அத்துணைப் பெரிய விமானங்களுக்குப் போதவில்லை. ஆகவே அவற்றினும் மேலான ஒரு விமானத்துக்குரிய தேவைகளை 1936 ஆம் ஆண்டு யூன் மாதம் 3 ஆந் திகதி விமான அமைச்சு வகுத்து வெளியிட்டது. ஐயாயிரம் கிலோமீற்றர் செல்லவேண்டும். ஆயிரம் கிலோகிராம் குண்டு சுமக்கவேண்டும். மணிக்கு ஐந்நூறு கிலோமீற்றர் வேகம் வேண்டும். அந்நாளில் இவை எளிய கோரிக்கைகள் அல்ல.

விதியின் கூத்தைப் பாருங்கள். அதே யூன் 3 ஆந் திகதி, திறெஸ்டன் நகரிலிருந்து தாமே விமானம் செலுத்திப் புறப்பட்ட வேவர், விமானம் வீழ்ந்து மாண்டார். விமானம் தரையில் நிற்கும்போது இறக்கையின் அசையும் பகுதிகள் காற்றிலே ஆடாதபடி ஒரு பூட்டுப் பூட்டி வைப்பார்கள். புறப்படுமுன் அதனைக் கழற்ற மறந்துவிட்டார்கள். அவருக்குப் பின் வந்தவர்கள் பெரிய விமானங்களில் அத்துணை நாட்டங் கொண்டவர்களல்லர். 1937 ஏப்பிரில் மாதத்தில் ஊரல் விமானங்கள் இரண்டும் கைவிடப்பட்டன. எஞ்சியது அமைச்சு வகுத்த புதிய தேவைகள் மட்டுமே. அவற்றை நிறைவேற்றும் பொறுப்பு ஏர்ண்ஸ்ற் ஹைன்கல் என்பாரின் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

ஹைன்கல் நிறுவனத்தின் தலைமையிடம் போல்ரிக் கடலோரத்திலுள்ள ரொஸ்ரொக் நகரம். அந்நிறுவனத்தாரின் ஆற்றலைக் குறைவாக மதிப்பதற்கில்லை. தாரைப்பொறியால் இயங்கிய உலகத்தின் முதல் விமானம் 1939 ஓகஸ்ட் 27 ஆந் திகதி பறந்ததே, அதனை ஆக்கியவர்களும் இவர்களே. குண்டுவீச்சு விமானத்தை வரைந்தவர் சீக்பிறீட் குந்தர் என்னும் வல்லுநர். பிற்காலத்தில் அவ்விமானத்துக்குக் ‘கிரைஃப்’ என்று பெயரிட்டனர். கிரைஃப் என்பது கழுகின் தலையும் இறக்கையும் சிங்கத்தின் உடலுங் கொண்ட கற்பனை விலங்கு. நம் கோயிற்றூண்களில் யாளியைக் காண்கிறோமல்லவா? அதுபோல ஐரோப்பியச் சிற்பங்களிலும் கொடிகளிலும் இடம்பெறுவது அது. ரொஸ்ரொக் நகரின் சின்னத்திலும் அதுவே உண்டு.

இனி அமைப்பைப் பார்ப்போம். இரு இறக்கைகளின் நுனிக்கு நுனி அளந்தால் அகலம் முப்பத்தொரு மீற்றருக்கு மேல். நீளம் இருபத்திரண்டு மீற்றர். பாரம் முழுவதும் ஏற்றினால் எடை முப்பது தொன்னைத் தாண்டும். இத்துணைப் பெரிய பொருளை வேண்டிய வேகத்திற் கொண்டுசெல்ல ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டாயிரம் பரிவலுவுக்கு மேல் வேண்டும். அத்தகைய தனி எஞ்சின் அக்காலத்தில் ஜேர்மனியில் இல்லை. ஆயிரம் பரிவலு தரும் எஞ்சின்களே இருந்தன. அப்படியாயின் நான்கு எஞ்சின்களை இறக்கையில் வரிசையாக வைக்கலாமே என நீங்கள் எண்ணுவீர்கள். பிற நாட்டார் அவ்வாறே செய்தனர். குந்தர் வேறு வழி கண்டார். எஞ்சின் பொருத்திய கூடு ஒவ்வொன்றும் காற்றை எதிர்க்கும். நான்கு கூடுகளுக்குப் பதிலாக இரண்டே இருந்தால் எதிர்ப்புக் குறையும். வேகமும் தூரமுங் கூடும். ஆகவே பன்னிரண்டு உருளை கொண்ட டெய்ம்லர்-பென்ஸ் எஞ்சின்கள் இரண்டை அருகருகே வைத்து, இரண்டினது விசையையும் ஒரே பற்சில்லுப் பெட்டிக்குள் செலுத்தி, நான்கரை மீற்றர் விட்டமுள்ள ஒரே சுழல்விசிறியைச் சுற்றச் செய்தார்கள். இரண்டு காளைகளை ஒரே நுகத்திற் பூட்டியதை ஒத்த ஏற்பாடு இது. இவ்விரட்டை எஞ்சினுக்கு டீ.பீ. 606 என்று பெயர். இருபத்துநான்கு உருளைகள், ஏறத்தாழ 2,600 பரிவலு, எடை ஒன்றரைத் தொன்.

இந்த எண்ணம் பேதைமை என்று சொல்லிவிட முடியாது. ஹைன்கலின் வேறொரு சிறிய விமானத்தில் இத்தகைய எஞ்சின் முன்னரே பயன்பட்டு நல்ல வேகம் காட்டியிருந்தது. இரட்டை எஞ்சினுக்கு வேண்டிய இடமுங் குளிர்ச்சியுங் கொடுத்து, பழகப் பழக வருங் குறைகளைத் திருத்திக்கொண்டு சென்றிருந்தால் ஒருவேளை அதுவும் நன்றாகவே முடிந்திருக்கலாம். ஆயின் 1937 நவம்பரில் அமைச்சிலிருந்து இன்னுமொரு கட்டளை வந்தது. முப்பது தொன் எடையுள்ள அவ்விமானம் வானிலிருந்து சாய்ந்து பாய்ந்தும் குண்டு வீசவேண்டும் என்பதே அக்கட்டளை.

பாய்ந்து குண்டு வீசுதல் என்றால் என்ன? உயரத்திற் பறந்தபடி குண்டைப் போட்டால், அது குறிதவறி நெடுந்தூரம் விலகி விழும். அக்காலத்துக் குறிபார்க்குங் கருவிகள் அத்துணைச் செம்மையானவை அல்ல. விமானமே இலக்கை நோக்கிக் கீழே பாய்ந்து, அண்மையில் குண்டை விடுத்து மீண்டும் மேலெழுந்தால் குறி தப்புவது அரிது. ஸ்ரூக்கா எனப் பெயர்பெற்ற சிறிய விமானங்கள் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் இம்முறையில் வெற்றி கண்டன. குண்டும் உலோகமும் எண்ணிச் செலவிடவேண்டிய நிலையிலிருந்த ஜேர்மனிக்கு, கொஞ்சக் குண்டில் நிறையப் பயன் தரும் இம்முறை பெருங் கவர்ச்சியாயிற்று. விமானப் படையின் தொழினுட்பப் பகுதிக்குத் தலைவராயிருந்த ஏர்ண்ஸ்ற் ஊடெற் இம்முறையிற் பெரும்பற்றுக் கொண்டவர். முதலாம் உலகப் போரிற் புகழ்பெற்ற விமானி. சாகசப் பறப்பில் வல்லவர். ஆனால் பெரிய ஆக்கத்துறை ஒன்றை நிருவகிக்கும் பயிற்சி அவருக்கு இல்லை. சிறிய விமானத்துக்கு நன்றாயமைந்தது பெரியதற்கும் அமையும் என்று எண்ணினார்கள். குருவி பாய்கிறதென்று கோழியையும் கூரையிலிருந்து பாயச் சொன்ன கதையாயிற்று.

இந்த விமானத்தால் ஒருபோதும் அவ்வாறு பாய இயலாது என்று ஹைன்கல் எச்சரித்தார். எச்சரிக்கை ஏற்கப்படவில்லை. விளைவு என்ன? கீழ்நோக்கிப் பாய்ந்த முப்பது தொன் பொருளை மீண்டும் மேலே திருப்பும்போது அதன் இறக்கைகளில் ஏறுஞ் சுமை பன்மடங்காகும். அதைத் தாங்க உடலெங்கும் உலோகத்தைத் தடிப்பாக்கினார்கள். எடை கூடியது. கூடிய எடையைத் தாங்கச் சில்லுகளும் பெருக்கவேண்டியதாயிற்று. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கால்கள் வைத்து, பறக்கும்போது ஒன்று உட்புறமாகவும் மற்றொன்று வெளிப்புறமாகவும் மடியும்படி செய்தார்கள். எடை கூடக்கூட எஞ்சின் அதிகம் உழைத்தது. உழைக்க உழைக்கச் சூடும் மிகுந்தது.

இதற்கிடையில் எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாடும் மாறியது. சூடான நீரை ஆவியாக்கி, இறக்கையின் பரப்பிலே குளிரச்செய்து மீண்டும் பயன்படுத்தலாம் என்பது தொடக்கத்துத் திட்டம். அது போர்விமானத்துக்கு உதவாது என்று கண்டபின் வழக்கமான குளிரூட்டிகளை எஞ்சினைச் சுற்றி வைத்தார்கள். அதனாற் காற்றெதிர்ப்பும் எடையும் இன்னும் ஏறின. திட்டமிட்ட வேகமுந் தூரமுங் குறைந்தன.

1938 நவம்பரில் ஹைன்கல் ஒரு விண்ணப்பஞ் செய்தார். மாதிரி விமானங்களில் இரண்டை மட்டுமாவது நான்கு தனி எஞ்சின்களோடு ஆக்கிப் பார்க்க அனுமதி தரவேண்டும் என்றார். நான்கு தனி எஞ்சின் வைத்தாற் பாய்ந்து தாக்க முடியாதென்பதனால் அமைச்சு மறுத்துவிட்டது. பயனற்ற தேவையொன்றைக் காப்பாற்றும் பொருட்டுப் பயனுள்ள திருத்தத்தைத் தள்ளினார்கள். முதற் பறப்பு நிகழ ஓராண்டு முன்னரே, கதவு ஒன்று இவ்வாறு அடைக்கப்பட்டது.

பின் நிகழ்ந்தவை துயரமானவை. இரண்டாவது மாதிரி விமானம் பாய்ச்சற் பரீட்சையின்போது செலுத்துதளங்கள் அதிர்ந்து நடுவானிற் சிதறியது. நான்காவது, பாய்ச்சலிலிருந்து மேலே திரும்ப மாட்டாமற் போல்ரிக் கடலில் வீழ்ந்தது. 1941 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐந்தாவது மாதிரி தாழப்பறந்து தாக்குவதைப் பழகியபோது இரு எஞ்சின்களும் தீப்பற்றி, தரையில் மோதி வெடித்தது. இவற்றிற் சென்றவர் பகைவரைக் காணாமலே தம் நாட்டு எல்லைக்குள் உயிரிழந்தனர்.

எஞ்சின் ஏன் எரிந்தது என்பதை ஒரு வீட்டின் அடுக்களையை உவமையாகக் கொண்டு விளக்கலாம். நான்கு முழ அகலமான அடுக்களையில் இரண்டு பெரிய அடுப்புகளை ஒட்டி ஒட்டி வைத்து, அவற்றுக்கிடையே ஒரே புகைபோக்கியை அமைத்து, அதன் அடியில் எண்ணெய்ப் பாத்திரத்தையும் வைத்தால் என்ன நேரும்? ஹைன்கல் 177 இன் எஞ்சிற் கூட்டினுள் நிலைமை ஏறக்குறைய அதுவே. இரண்டு எஞ்சின்களும் அருகருகே நின்றமையால், உட்புறத்து உருளைகள் பன்னிரண்டினது புகையும் நடுவிலுள்ள ஒரே குழாய்த்தொகுதியால் வெளியேறவேண்டும். அக்குழாய் செந்தணலாகக் காயும். கூட்டின் அடிப்பகுதியிலோ கசிந்த எண்ணெயும் எரிபொருளும் தேங்கும். வேகத்தைக் குறைக்கும்போது எரிபொருட் பம்பி தேவைக்கு மேல் எரிபொருளைச் செலுத்தும். அதன் இணைப்புகளும் ஒழுகும். ஒழுகியது தணலிற் படுமாயின் தீ மூள வேறென்ன வேண்டும்?

இன்னொரு குறையும் உண்டு. உயரத்திற் பறக்கும்போது மசகெண்ணெயிற் காற்றுக்குமிழிகள் கலந்து நுரைத்தன. நுரை உலோகங்களுக்கிடையே வழுவழுப்பைத் தராது. அதனால் எஞ்சினுள் ஓயாது அசையுந் தண்டுகள் தேய்ந்து முறிந்து, எஞ்சினின் புறச்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தன. சில வேளைகளில் அருகிலிருந்த எண்ணெய்த் தாங்கியையுங் கிழித்தன. எஞ்சினுக்கும் இறக்கைக்கும் நடுவே தீத்தடுப்புச் சுவர் ஒன்று வைத்திருந்தாலாவது தீ பரவாமல் நின்றிருக்கும். எஞ்சினை இறக்கையின் முதன்மை உத்தரத்துக்கு மிக அண்மையிற் பொருத்தியிருந்தபடியால் அதற்கும் இடமில்லை. குழாய்களுங் கம்பிகளும் அந்தச் சிறிய இடத்திற்குள் ஒன்றன்மேலொன்றாய் அடைந்து கிடந்தன. பழுது பார்ப்பவர் கையை நுழைப்பதே கடினம். கசிவைக் கண்டுபிடிப்பது அதனினுங் கடினம்.

இக்குறைகளை அறிந்தவர் இல்லையா? இருந்தனர். பரீட்சை நிலையத்தில் அறிந்தனர், தொழிற்சாலையில் அறிந்தனர், விமானத்தை ஓட்டியோர் நன்கு அறிந்தனர். ஆனால் அறிந்தவர் சொல் மேலே ஏறவில்லை. ஊடெற் தம் பதவியின் சுமை தாங்கமாட்டாது 1941 நவம்பர் 17 ஆந் திகதி தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். விமானப் படையின் தலைவரான கோயரிங், 1942 ஓகஸ்ட் மாதத்திலேதான் இவ்விரட்டை எஞ்சினைப் பற்றிச் சினந்து பேசினார். இரண்டை ஒன்றாகப் பிணைத்த அந்த எஞ்சினை எவ்வாறு பழுது பார்ப்பது என்று தம்மிடம் எவரும் முன்னர் எடுத்துச் சொல்லவில்லை என்பது அவருடைய முறைப்பாடு. ஆறு ஆண்டுகளாகத் தம் அமைச்சில் உருவான விமானத்தின் முக்கிய உறுப்பைப் பற்றி அமைச்சின் தலைவர் இப்படிக் கூறினால், அங்கே உண்மை எவ்வளவு தூரம் பயணஞ் செய்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அவ்வாண்டு செப்ரெம்பரில் பாய்ந்து தாக்கவேண்டும் என்ற தேவையைக் கோயரிங் நீக்கினார். கேட்டு ஐந்தாண்டு சுமந்தபின், அது வேண்டாமென்று விட்டார்கள்.

அதற்குள் விமானங்கள் தொழிற்சாலைகளிலிருந்து வரிசையாக வெளிவந்துகொண்டிருந்தன. மொத்தம் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டவை ஆக்கப்பட்டன. ஆக்கிய இடங்களுள் ஒன்று பேர்லினுக்கு வடக்கேயுள்ள ஒறானியன்பேர்க். அங்கே ஹைன்கல் தொழிற்சாலையில் வேலை செய்தோர் பலர் கூலி பெற்ற தொழிலாளரல்லர். அருகிலிருந்த சக்சன்ஹவுசன் வதைமுகாமின் கைதிகள். பல நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட ஆயிரக்கணக்கானோர் பசியோடும் அடியோடும் இவ்விமானத்தின் பாகங்களைப் பொருத்தினர். 1944 ஏப்பிரில் 18 ஆந் திகதி அமெரிக்க விமானங்கள் அத்தொழிற்சாலையைத் தாக்கியபோது இறந்தவருள் அக்கைதிகளும் இருந்தனர். இந்த விமானத்தின் வரலாற்றைச் சொல்வோர் உருளையையும் பற்சில்லையும் மட்டுஞ் சொல்லி, அவற்றைப் பொருத்திய கைகளை மறந்துவிடலாகாது.

இனிப் போர்க்களத்தில் அது நடந்துகொண்ட விதம். 1943 ஜனவரியில், ஸ்ராலின்கிராட் நகரில் முற்றுகையிடப்பட்ட தம் படைக்கு உணவும் எரிபொருளுங் கொண்டுசெல்ல ஜேர்மனியர் ஹைன்கல் 177 ஐயும் அனுப்பினர். சுமையேற்றுவதற்கு அது அமைந்ததன்று. அதனிலும் மிகச் சிறிய ஹைன்கல் 111 ஏற்றிச்சென்ற அளவுக்குச் சற்று மேலாகவே அதனால் ஏற்ற முடிந்தது. காயமுற்றோரைத் திருப்பி ஏற்றிவர அதில் இடமேயில்லை. சில நாட்களுக்குள் ஏழு விமானங்கள் பகைவரின் சூடு படாமலே தீயில் அழிந்தன எனப் பதிவுகள் கூறுகின்றன.

மற்றொரு காட்சி. 1944 பெப்புருவரி 13 ஆந் திகதி. இலண்டன்மீது புறப்படும் விமானங்களைப் பார்வையிட ரைன என்னும் விமானத்தளத்துக்குக் கோயரிங் வந்திருந்தார். பதினான்கு விமானங்கள் ஆயத்தமாயின. ஒன்றின் சில்லு வெடித்தது. பதின்மூன்று புறப்பட்டன. அவற்றுள் எட்டு, எஞ்சின் சூடேறியோ எரிந்தோ சிறிது நேரத்தில் திரும்பிவிட்டன. இலண்டனைச் சென்றடைந்தவை நான்கே. விருந்தினருக்காக ஒழுங்கு செய்யப்பட்ட அந்த இரவில் விமானமே உண்மையைச் சொல்லிவிட்டது.

நேயர்களே, பழுதுற்ற ஆயுதம் கொல்லாத ஆயுதம் என்று நினைத்துவிட வேண்டாம். 1943 நவம்பர் 26 ஆந் திகதி அல்ஜீரியக் கரைக்கு அப்பால் மத்தியதரைக் கடலில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்கப் படைவீரரை ஏற்றிக்கொண்டு சுயஸ் கால்வாய் வழியாக இந்தியா நோக்கிச் சென்றுகொண்டிருந்தது றோனா என்ற கப்பல். தமிழருக்கு அது அயலான கப்பலன்று. சென்னையிலிருந்தும் நாகபட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரை ஏற்றிச்சென்ற ரஜூலாக் கப்பலை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் உடன்பிறப்பான கப்பலே றோனா. இரண்டும் 1926 இல், பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கொம்பனிக்காக அந்தத் தடத்திற்கென்றே கட்டப்பெற்றவை. மலாயாத் தோட்டங்களுக்குப் போனவரும், ஊர் திரும்பியவரும் நின்று கடலை நோக்கிய அதே மேற்றளத்தில் அன்று போர்வீரர் நின்றனர். ஹைன்கல் 177 விமானமொன்று ஏவி, வானொலி அலைகளாற் செலுத்திய குண்டு றோனாவின் பக்கத்தைத் துளைத்துச் சென்று வெடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வீரர் இறந்தனர். கப்பலின் பணியாளரிற் பெரும்பாலோர் இந்தியர்; அவர்களிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மீளவில்லை. அச்சேதத்தின் விவரம் போர்க்காலத்தில் மறைத்து வைக்கப்பட்டது. மாண்டோரின் வீட்டாருக்கு நடந்ததெல்லாந் தெரிய நெடுங்காலஞ் சென்றது.

பிந்திய காலத்தில் விமானத்தின் குறைகள் ஓரளவு தீர்ந்தன என்பதையும் நடுநிலையோடு சொல்லவேண்டும். எஞ்சினை இருபது சதமமீற்றர் முன்னே தள்ளினார்கள். உடலின் பின்பகுதியை நீட்டினார்கள். புகைக்குழாய்களையும் எண்ணெய்க் குழாய்களையும் ஒழுங்குபடுத்தினார்கள். புதிய இரட்டை எஞ்சினைப் பொருத்தினார்கள். 1944 கோடையில் கிழக்குப் பிரசியாவிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு விமானங்கள் கொண்ட ஒரு படையணி கிழக்குப் போர்முனையிற் செயற்பட்டது. உயரப் பறந்து சென்ற அவ்விமானங்களுக்குச் சேதம் குறைவாகவே இருந்தது. ஆனால் காலங் கடந்துவிட்டது. செயற்கை எரிபொருள் ஆலைகளை நேச நாட்டு விமானங்கள் மே மாதம் முதல் தாக்கி அழித்துவந்தன. தொன் கணக்கில் எரிபொருள் குடிக்கும் இப்பெரிய பறவைக்கு ஊற்ற எண்ணெய் இல்லை. சில வாரங்களில் அப்படையணி தரையில் நின்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஆக்கமும் நிறுத்தப்பட்டது.

இங்கே ஓர் ஒப்பீடு வேண்டும். இதே காலத்தில் இதே பிழையை இங்கிலாந்திலுஞ் செய்தனர். 1936 இல் பிரித்தானிய விமான அமைச்சு கேட்ட குண்டுவீச்சு விமானமும் இரண்டு பெரிய எஞ்சின் கொண்டது. அதுவும் சாய்ந்து பாய்ந்து தாக்கவேண்டுமென்றே முதலிற் கேட்டார்கள். அவ்ரோ நிறுவனம் ஆக்கிய அவ்விமானத்தின் பெயர் மான்செஸ்ரர். றோல்ஸ் றொய்ஸ் அதற்கு அளித்த எஞ்சினும் இருபத்துநான்கு உருளை கொண்டதே. பன்னிரண்டு உருளை எஞ்சின்கள் இரண்டை ஓர் அச்சிற் சேர்த்தது போன்ற அமைப்பு. அந்த எஞ்சினும் பழுதாயிற்று, தீப்பற்றியது, வீரர் மாண்டனர்.

ஆனால் அதன்பின் நடந்தது வேறு. அவ்ரோவின் பிரதம வடிவமைப்பாளர் றோய் சட்விக், பழுதான எஞ்சின்களை நீக்கி, இறக்கையைச் சற்று நீட்டி, பழகித் தேறிய மேர்லின் எஞ்சின்கள் நான்கை வைக்கலாம் என்றார். அவ்ரோ தொழிற்சாலையில் வேறு நிறுவனத்தின் ஹலிபாக்ஸ் விமானத்தை ஆக்கச் செய்யலாமா என்று அமைச்சு யோசித்ததுண்டு. எனினும் நிறுவனத்தார் எடுத்துக்கூறியதைக் கேட்டது. எஞ்சினை ஆக்கிய றோல்ஸ் றொய்ஸ் நிறுவனமும் தன் பொறி தேறாதென்பதை ஒப்புக்கொண்டு அதனைக் கைவிட்டது. நான்கு எஞ்சின் கொண்ட புதிய விமானம் 1941 ஜனவரி 9 ஆந் திகதி பறந்தது. அதுவே லங்காஸ்ரர். மான்செஸ்ரர் இருநூறளவில் நின்றுபோக, லங்காஸ்ரர் ஏழாயிரத்துக்கு மேல் ஆக்கப்பட்டது. லங்காஸ்ரர் சுமந்துசென்ற குண்டுகளும் ஜேர்மனியின் நகரங்களில் பல்லாயிரம் பொதுமக்களைக் கொன்றவையே. ஆதலால் அதனைப் புகழ்ந்துரைப்பது என் நோக்கமன்று. ஒரே பிழையை ஒருவர் விரைவிலே திருத்தினர், மற்றவர் நெடுங்காலஞ் சுமந்தனர் என்பதே நாம் கவனிக்கவேண்டியது. ஹைன்கலும் நான்கு தனி எஞ்சின் கொண்ட மாதிரியொன்றை இறுதியிற் பறக்கவிட்டார். அது 1943 டிசெம்பர் மாதம். அவர் கேட்டு ஐந்தாண்டு கழிந்தபின்.

அவ்விரு நாட்டுப் பொறியியலாளரின் அறிவில் வேறுபாடு பெரிதாக இல்லை. பணிமனையிலிருந்து வந்த சொல்லுக்கு மேலிடத்திற் கிடைத்த வரவேற்பிலேதான் வேறுபாடு இருந்தது. ஓரிடத்தில் ‘இது தேறாது’ என்ற சொல் கேட்கப்பட்டது. மற்றோரிடத்தில், மேலிருப்பவருக்கு இனியதையே சொல்லிப் பழகிய ஆட்சியில், அச்சொல் ஒவ்வொரு படியிலும் மெலிந்து, உச்சியை அடையுமுன் இல்லாமற் போயிற்று. உலோகத்துக்கு அதிகாரிகளின் விருப்பம் தெரியாது. எண்ணெய் தணலிற் பட்டால் எரியும். எவர் கட்டளையிட்டாலும் எரியாமல் இராது.

இக்கதைக்கு ஒரு சிறு பின்னுரை உண்டு. போர்க்காலத்தில் ஹைன்கல் நிறுவனத்துக்காகப் பாரிஸ் நகருக்கு அருகில் ஒரு விமானம் கட்டப்பட்டு வந்தது. ஹைன்கல் 177 இன் வழித்தோன்றல். ஆனால் நான்கு தனி எஞ்சின் கொண்டது. ஜேர்மனியர் அதனை முடிக்குமுன் பாரிஸ் விடுதலை பெற்றது. பிரெஞ்சுக்காரர் அதனை முடித்து 1945 டிசெம்பரிற் பறக்கவிட்டார்கள். அது குண்டு வீசவில்லை, ஆராய்ச்சிக்கே பயன்பட்டது. 1953 இல் அதனையும் உடைத்துவிட்டனர். ஆயிரத்து நூறுக்கு மேல் ஆக்கப்பட்ட ஹைன்கல் 177 களில் முழுமையாக ஒன்றேனும் இன்று எந்த அரும்பொருட்சாலையிலும் இல்லை. ஒறானியன்பேர்க்கில் வதைமுகாம் இருந்த இடம் நினைவிடமாக இருக்கிறது. மத்தியதரைக் கடலின் அடியில் றோனா கிடக்கிறது. அந்த விமானத்தின் வரலாற்றை இன்று அவ்விரண்டிடமே தாங்கி நிற்கின்றன.